பாட்டியின் அம்மைத் தழும்பும் போட்டோஷாப்பும்

அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். இல்லாவிட்டால் பீரோவின் அடித்தட்டில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கிரயப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, யாருடையதென்றே தெரியாத ஒரு ஜாதகம். இவற்றுக்கு நடுவில் ஒரு போட்டோ. மூலை மடங்கி, பாதி பூஞ்சை பிடித்து, குறுக்கே ஒரு மடிப்புக் கோடு விழுந்து கிடக்கும். அதில் ஒரு பாட்டி. அந்தப் பாட்டிக்கு உலகத்தில் இருப்பதே அந்த ஒரு படம்தான். நெகட்டிவ் கிடையாது. எடுத்த ஸ்டுடியோ இப்போது செல்போன் ரீசார்ஜ் கடையாகிவிட்டது.

அந்தப் படத்தை ஒருவர் போட்டோ கடைக்குக் கொண்டுவருகிறார்.

"தம்பி, எங்கம்மா படம். திவசம் வருது, பெருசாப் போட்டு மாட்டணும். கொஞ்சம் சரிபண்ணிக் குடுப்பா."

"வச்சிட்டுப் போங்கண்ணே, நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

மறுநாள் படம் தயார். கோடு போயிற்று, பூஞ்சை போயிற்று, முகம் பளிச்சென்று இருக்கிறது. கூடவே அந்த அம்மாவின் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்புகளும் போயிற்று. வந்தவர் கொஞ்ச நேரம் பார்க்கிறார். "நல்லாத்தான் இருக்கு... ஆனா எங்கம்மா மாதிரி இல்லியேப்பா" என்கிறார். பிறகு காசைக் கொடுத்து வாங்கிப் போய்விடுகிறார். ஏனென்றால் பிரேமுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, திவசத்துக்கு நாள் இல்லை.

எந்த ஊரில் எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய காட்சி இது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கடைத் தம்பி நன்றாகத்தான் வேலை செய்தார். ஆனாலும் ஒரு தவறு நடந்திருக்கிறது. இன்னும் இருபது வருடம் கழித்து அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டி, தழும்பே இல்லாத ஒரு பாட்டியாகத்தான் இருப்பார். அசல் படம்? "அதான் புதுசு போட்டாச்சே" என்று குப்பைக்குப் போயிருக்கும்.

பழைய படங்களைச் சரிசெய்து கொடுப்பது நல்ல தொழில். இன்று கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதிநேரமாக இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். அதனாலேயே இதில் எது சரி, எது தப்பு என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எது பழுது, எது முகம்?

ஒரு எளிய அளவுகோல் உண்டு. படம் எடுத்த பிறகு காகிதத்துக்கு நேர்ந்தது பழுது. மடிப்பு, கிழிசல், பூஞ்சை, காபிக் கறை, கரப்பான் கடித்தது எல்லாம் இதில் சேரும். படம் எடுக்கும்போது கேமராவுக்கு முன்னால் இருந்தது ஆள். மச்சம், தழும்பு, சுருக்கம், தூக்கிய பல், கண்ணில் விழுந்த பூ, முன்கையில் குத்திய பச்சை எல்லாம் இதில் சேரும். முதலாவதை நீக்கலாம். இரண்டாவதைத் தொட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். பூஞ்சைப் புள்ளியும் அம்மைத் தழும்பும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள்தான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பூஞ்சைக்கு முகம், சேலை, சுவர் என்ற பேதம் கிடையாது, எல்லாவற்றின் மேலும் பரவும். தழும்பு முகத்தில் மட்டும் இருக்கும், அதன் நிழலும் வெளிச்சம் வந்த பக்கத்தை ஒட்டியே விழும். இதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். அதைவிட நல்ல வழி, வந்தவரிடம் "அம்மாவுக்கு முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்பது. அரை நிமிட வேலை.

தழும்புதானே, போனால் போகிறது என்று சொல்லலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரியம்மை 1970களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் இருந்தது. 1977ல் இந்தியா பெரியம்மை இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 1980ல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்னால் பிறந்த ஒரு பெண்ணின் கன்னத்துத் தழும்புக்கு, 'இவர் அதில் பிழைத்து வந்தவர்' என்று அர்த்தம். பிழைக்காமல் போன அக்கா தங்கைகளும் அந்த வீட்டில் இருந்திருக்கலாம். அத்தனை கதையும் அந்தக் குழிகளில் இருக்கிறது. ஹீலிங் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் கதை முடிந்தது.

டச்சப் புதிதல்ல

"அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் மட்டும் என்ன, உள்ளதை உள்ளபடியா எடுத்தார்?" என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். படத்தைத் திருத்துவது போட்டோஷாப் வந்த பிறகு தொடங்கிய வழக்கம் இல்லை. 1855ல் பாரீஸில் நடந்த கண்காட்சியிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவர் நெகட்டிவ்வைத் திருத்தும் வித்தையைக் காட்டிவிட்டார். நம்மூருக்கும் அது உடனே வந்துவிட்டது. மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858ல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அந்தக் காலக் காகித நெகட்டிவ்வில் மேகம் சரியாகப் பதியாது, ஆடுகிற இலையும் பதியாது. அவர் நெகட்டிவ்வின் மேல் கையால் வண்ணம் பூசி மேகத்தையும் இலையையும் தெளிவாக்கினார்.

பிறகு ஊருக்கு ஊர் ஸ்டுடியோக்கள் வந்தன. கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவ்வில் முகச்சுருக்கத்தை மறைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் தூரிகையால் சேலைக்கு நிறம் கொடுத்தார்கள், நகையில் மஞ்சள் தொட்டு வைத்தார்கள். பின்னால் இருந்த மாளிகையும் மாடிப்படியும் திரைச்சீலையில் வரைந்தவை. கோட்டு, கைக்கடிகாரம்கூடச் சில இடங்களில் ஸ்டுடியோவின் உபயம். இறந்தவரை உட்காரவைத்துப் படமெடுத்து, மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக வரைந்து கொடுத்ததும் உண்டு. ஆக, குடும்பப் படம் என்றைக்குமே கொஞ்சம் ஒப்பனை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அப்படியானால் இன்றைக்கு மட்டும் ஏன் இந்தப் புலம்பல்?

காரணம் இருக்கிறது. அன்றைய திருத்தம் தடயத்தை விட்டுவைத்தது. பென்சில் கோடு நெகட்டிவ்வின் மேல் இன்றும் தெரியும். வண்ணம் பூசிய படத்தைச் சாய்த்துப் பிடித்தால் தூரிகை போன தடம் தெரியும். வரைந்த கண் வரைந்த கண்ணாகவே தெரியும், பார்க்கிற யாரும் ஏமாறமாட்டார்கள். 1990ல் போட்டோஷாப் முதல் பதிப்பு வந்தது. 2002ல் வந்த 7ஆம் பதிப்பில் ஹீலிங் பிரஷ் சேர்ந்தது. 2010ல் வந்த சிஎஸ்5ல், அழித்த இடத்தைத் தானே இட்டு நிரப்பும் வசதியும் வந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் வேலை எளிதாயிற்று. ஒவ்வொரு படியிலும் தடயம் குறைந்தது. பழைய ஆள் ஒரு முகத்தைத் திருத்த அரை நாள் செலவழித்தார், அதனால் தேவையில்லாததைத் தொடவில்லை. இன்றைக்கு ஒரு கிளிக் போதும், எனவே எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கண்டுபிடித்த முகம்

இப்போது அடுத்த கட்டமும் வந்துவிட்டது. மங்கலான முகத்தைக் கொடுத்தால், ஏஐ மென்பொருள் சில நொடிகளில் இமை முடி வரை தெளிவாக்கித் தருகிறது. பார்ப்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஆனால் அந்த இமை முடி எங்கிருந்து வந்தது? படத்தில் இல்லாத விவரத்தை யாராலும் எடுக்க முடியாது. மென்பொருள் தான் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து 'இப்படித்தான் இருக்கும்' என்று ஊகித்து வரைகிறது.

ஊகம் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு 2020ல் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'பல்ஸ்' என்ற மென்பொருளிடம், ஒபாமாவின் படத்தைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! தெளிவான, அழகான, முற்றிலும் தவறான முகம். ஒபாமாவை உலகத்துக்கே தெரியும் என்பதால் தவறு உடனே தெரிந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தாவை யாருக்குத் தெரியும்?

பழைய முகங்களைத் தெளிவாக்கப் பரவலாகப் பயன்பட்ட ஜிஎஃப்பிகேன் போன்ற மென்பொருட்கள், பிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள் கொண்ட ஒரு தொகுப்பை வைத்துப் பயிற்சி பெற்றவை. இணையத்தில் தங்கள் படத்தைப் போட்டுக்கொண்ட இந்தக் காலத்து மனிதர்களின் முகங்கள் அவை. அதில் பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கும் காதோடு ஒரு திருநெல்வேலிப் பாட்டி இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? அந்தக் காது மென்பொருளுக்குப் புரியாவிட்டால், தனக்குத் தெரிந்த காது ஒன்றை அது வைத்துவிடும். மூக்கின் இரண்டு பக்கமும் போட்ட மூக்குத்தியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும்.

கறுப்பு வெள்ளைக்குக் கலர் கொடுப்பதிலும் இதே சிக்கல்தான். சாம்பல் நிறத்தைப் பார்த்து அது அரக்குச் சேலையா பச்சைச் சேலையா என்று சொல்ல வழியே இல்லை. போதாததற்கு, பழைய காலத்து பிலிம்களில் ஒரு வகை சிவப்பு வெளிச்சத்தை உணரவே உணராது. சிவப்பெல்லாம் அதில் கறுப்பாகத்தான் விழும். குங்குமம் கரிப்பொட்டாகத் தெரியும், ஆளின் நிறமும் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். அதனால் கலர் கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது மென்பொருளை அல்ல, வீட்டில் உயிரோடு இருக்கும் பெரியவரை. "அது அத்தை கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் சேலை" என்று சொல்ல ஒருவர் இருந்தால் அது தகவல். யாரும் இல்லையென்றால் அது கற்பனை. கற்பனை செய்வது குற்றமில்லை. கற்பனை என்று சொல்லாமல் கொடுப்பதுதான் குற்றம்.

கேட்பவரே கேட்டால்?

கடைக்கு வருகிறவர்கள் பூஞ்சையை எடுக்க மட்டும் வருவதில்லை. கோரிக்கைகள் பலவிதம்.

அப்பா படம் தனியாக, அம்மா படம் தனியாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்து ஜோடியாக்கித் தர முடியுமா? கல்யாணத்துக்கு முன்பே அப்பா தவறிவிட்டார், மணமேடையில் அவரையும் நிற்கவைக்க முடியுமா? ஆதார் கார்டில் இருக்கும் படத்தைத் தவிர வேறு படமே இல்லை, அதற்குச் சட்டை மாற்றிப் பெரிதாக்கித் தர முடியுமா? இவற்றையெல்லாம் செய்துகொடுக்கலாம், செய்ய வேண்டும். அது துக்கத்துக்கு மருந்து. சேர்த்த படம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வகை கொஞ்சம் நெருடலானது. "ஆத்தா கொஞ்சம் கறுப்பு, வெளுப்பாப் போட்டுருங்க தம்பி." இதைக் கேட்காத கடையே இருக்காது. கேட்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறார். ஆனால் அதே நிறத்தோடு பிறந்த ஒரு பேத்தி அந்த வீட்டில் இருப்பாள். சுவரில் மாட்டிய ஆத்தா வெள்ளை என்றால், 'எனக்கு மட்டும் ஏன் இந்த நிறம்?' என்று அவள் கேட்பாள். "நீ உன் பூட்டி மாதிரிடி" என்ற பதிலைச் சொல்ல வேண்டிய படத்தை நீங்களே ஒரு ஸ்லைடரை நகர்த்தி ஊமையாக்கிவிட்டீர்கள். 'இருக்கிற நிறத்திலேயே வெளிச்சம் கூட்டித் தர்றேன், பாருங்க, பிடிக்கும்' என்று சொல்லிப் பார்க்கலாம். முகத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் சரிப்படுத்திக் காட்டினால் பலர் அதோடு திருப்தியாகிவிடுவார்கள். அவர்கள் கேட்டது பெரும்பாலும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைத்தான்.

மூன்றாவது வகைதான் கடினம். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போன மகளைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்வார்கள். விவாகரத்தான மருமகளை எடுக்கச் சொல்வார்கள். ஓரத்தில் நிற்கும் வேலைக்காரப் பையனை 'அவன் எதுக்கு?' என்று வெட்டச் சொல்வார்கள். முன்பெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள், படத்தில் ஒரு ஓட்டை இருக்கும். இங்கே யாரோ இருந்தார்கள் என்று அந்த ஓட்டையாவது சொல்லும். இன்றைக்கு ஓட்டையும் இல்லை. அந்த இடத்தில் சுவர் வந்துவிடும். காசு கொடுக்கிறவருக்குத் தன் படத்தில் உரிமை உண்டு என்பது சரி. ஆனால் அந்த மகளுக்கு அந்தப் படத்தில் பங்கில்லையா? இந்த வேலையை மறுக்கும் துணிவு கடைக்காரருக்கு இல்லாமல் போகலாம், வயிற்றுப்பாடு அது. குறைந்தபட்சம் ஸ்கேன் செய்த முழுப்படத்தை அழிக்காமல் வைத்து, அதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். என்றாவது ஒருநாள் கோபம் தணிந்தால் அவர்களே தேடி வருவார்கள்.

இதெல்லாம் வீட்டு விவகாரம்தானே, இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா என்று தோன்றினால், 2021 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின்போது துவோல் ஸ்லெங் சிறையில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டார்கள். உள்ளே வரும்போதே ஒவ்வொருவரையும் படமெடுத்தார்கள். அநேகமாக எல்லோரும் பிறகு கொல்லப்பட்டார்கள். அந்தப் படங்களில் சிலவற்றுக்கு ஒரு கலைஞர் கலர் கொடுத்தார், 'வைஸ்' இதழ் அவற்றை வெளியிட்டது. சில முகங்களில் புன்னகை! அசல் படங்களில் அந்தப் புன்னகை கிடையாது. கம்போடிய அரசின் கலாசார அமைச்சகம் கண்டித்தது. உறவினர்கள் கொதித்தார்கள். இதழ் கட்டுரையையே நீக்கியது. அந்தப் புன்னகையைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், அசல் படங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்ததுதான். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு அப்படி ஒரு காவல் கிடையாது.

செய்ய வேண்டியது என்ன?

ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்துவிட்டார்கள். ரோமில் 1939ல் தொடங்கிய மறுசீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் செசாரே பிராண்டி. அவர் காலத்தில் அங்கே ஒரு முறை உருவானது. சுவரோவியத்தில் உதிர்ந்துபோன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் கோடுகள் தெரியும், எது பழைய ஓவியன் வரைந்தது, எது இப்போது நிரப்பியது என்று புரிந்துவிடும். பார்ப்பவருக்கு நிறைவும் கிடைக்கிறது, உண்மையும் கிடைக்கிறது.

குடும்பப் படத்துக்கும் இதைச் செய்யலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

1. முதலில் ஸ்கேன். 600 டிபிஐக்குக் குறையாமல், டிஃப் கோப்பாக, கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அழுத்தமாக விழும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்தே போகும். கறையின் பாதி வேலை தேய்க்காமலே முடிந்துவிடும்.

2. பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

3. பின்பக்கத்தையும் அட்டையையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, ஊர்ப்பெயர், பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். 'அசிங்கமாக இருக்கிறது' என்று வெட்டிவிடும் அந்த ஓரம்தான் படத்தின் பிறப்புச் சான்றிதழ். பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. ஆய்வாளர்கள் அலைந்து சேகரிக்கும் ஒன்றை, கடைகளில் கத்தரித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

4. எல்லா வேலையையும் தனித்தனி லேயரில் செய்யுங்கள். கிழிசல் ஒரு லேயர், ஊகித்து வரைந்தது ஒரு லேயர், வாடிக்கையாளர் கேட்ட மாற்றம் ஒரு லேயர். அசல் அடியில் தொடாமல் இருக்கட்டும்.

5. மூன்று கோப்புகளாகக் கொடுங்கள்: தொடாத ஸ்கேன், பழுது நீக்கியது, கேட்டபடி மாற்றியது. மூன்றாவதன் பெயரிலேயே 'முகம் ஊகித்தது', 'கலர் கற்பனை' என்று எழுதிவிடுங்கள்.

6. அசல் போட்டோவைக் கையில் கொடுத்து, "இதைத் தூக்கிப் போட்றாதீங்க" என்று வாயால் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

"இவ்வளவும் செய்தால் கட்டுப்படியாகுமா?" என்பார்கள். ஸ்கேனும் லேயரும் எப்படியும் செய்கிற வேலைதான். கூடுதலாகச் சேர்வது ஒரு கேள்வி, இரண்டு கோப்புகள், ஒரு வாக்கியம். அவ்வளவே.

இனி அந்தத் திவசக்காரர் விஷயம். "எங்கம்மா மாதிரி இல்லியேப்பா" என்று அவர் சொன்னபோது, கடைத் தம்பி லேயர் வைத்து வேலை செய்திருந்தால் ஒரு கிளிக்கில் தழும்புகளைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். இன்னொரு பிரிண்ட் எடுக்கப் பத்து நிமிடம். அந்த மகன் அம்மாவையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். தம்பி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டார். அதனால்தான் அவர் யாரோ ஒரு அழகான பெண்மணியின் படத்துக்கு மாலை போட வேண்டியதாயிற்று.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் முகங்களின் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்? முதலில் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள். போட்டோஷாப்பை அப்புறம் திறக்கலாம்.